கடல் கடக்கும் முன் கருத வேண்டியவை
(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

அயல்நாடு சென்று உழைக்கவும் வாழவும் விரும்புவோர் எவ்வாறு தம்மை ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதுபற்றிப் பேசுமாறு கழகத்தார் பணித்துள்ளனர். காலத்திற்கேற்ற பொருள் இது. நம் காலனிகளில் துபாய், சவூதி, குவைத்து, மலேசியா, சிங்கப்பூர் என்னும் பெயர்களை அறியாத சிறுவன் இல்லை. பத்தாம் வகுப்பில் அமர்ந்திருக்கும்போதே, “ஐயா, எப்போது பாஸ்போர்ட்டு எடுக்கலாம்?” என்று கேட்கும் மாணவர்களை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். கேட்பது தவறன்று. பயிர் பொய்த்தால் கூலி இல்லை. கூலி இருந்தாலும் மதிப்பு இல்லை. 1978ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் விழுப்புரத்தில் நம் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டதைப் பெரியோர் இன்னும் மறக்கவில்லை. பிறந்த மண்ணில் நிமிர்ந்து நடக்க முடியாதவன் வேறு மண்ணை நாடினால் அவனைக் குறைகூற எவர்க்கும் உரிமை கிடையாது.

ஆகவே, போகலாமா கூடாதா என்னும் வழக்கை நாம் இங்கு எடுத்துக்கொள்ளப் போவதில்லை. போகலாம். எவ்வாறு போவது, எதை இழக்காமல் போவது என்பனவே நாம் ஆராய வேண்டியவை.

முதற்கண், கடல் கடப்பது நம் மக்களுக்குப் புதிய செய்தி அன்று என்பதை உணர வேண்டும். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள் அவர்கள். முதலாண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங்கு. ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பதைப் படித்தறியக் கூடியவர்கள் அவர்களுள் மிகச் சிலரே. ஏனையோர் கைநாட்டு வைத்தனர். பின்னர், 1895ஆம் ஆண்டில் நேட்டால் அரசு ஒரு சட்டம் இயற்றியது. அதன் பின் ஒப்பந்தத்தில் வந்து, தவணை முடிந்தும் அங்கேயே வாழ விரும்பியோர் ஆண்டுதோறும் 3 பவுன் வரி செலுத்த வேண்டும் என்றது அச்சட்டம். மாதம் ஒரு பவுன்கூட ஈட்டாத ஏழையின் தலையில் விழுந்த வரி இது. பெரும் போராட்டத்திற்குப் பின் 1914ஆம் ஆண்டிலேதான் நீங்கிற்று.

மலேயாவிற்கும் இலங்கைக்கும் சென்றோரைக் கங்காணிகள் அழைத்துச் சென்றனர். தென்னார்க்காடு, வடார்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் சேரிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக நம் மக்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். கங்காணி நம்மவன்தான், நம் மொழி பேசியவன்தான். வழிச்செலவுக்கென்று அவன் கொடுத்த முன்பணமே காலில் பூட்டிய விலங்காயிற்று. தோட்டத்து லயன்களிலும் நம் மக்களுக்குத் தனி வரிசை ஒதுக்கப்பட்டதுண்டு. கப்பலில் மூட்டை முடிச்சுகளோடு சாதியும் ஏறிச் சென்றது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாம் - பர்மா இரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் இழுத்துச் சென்ற தோட்டத் தொழிலாளர்களுள் ஆயிரக்கணக்கான தமிழர் மாண்டனர்.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் மூன்று தலைமுறை உழைத்தவர்களின் நிலை வேறொரு பாடத்தைப் புகட்டுகிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக் குடிமக்களும் அல்லர் என்னும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். 1964ஆம் ஆண்டில் சிறீமாவோ - சாஸ்திரி உடன்பாட்டின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்பாட்டில் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஆடுமாடுகளைப் பங்கிடுவதுபோல் மக்களைப் பங்கிட்டனர். இலங்கையில் எஞ்சி நின்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் இறுதித் தீர்வு தந்தது. உழைப்பால் ஒரு நாட்டை ஆக்கிவிடலாம். ஆயினும் தாளில் பெயர் பதிவாகாவிடில் அந்நாட்டில் இடம் கிடையாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

இனி, நம் வாசற்படிக்கு வருவோம். விழுப்புரத்திலிருந்து பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. அங்கே 1881ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பழைய சாதி வழக்காறுகளைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்பதாகப் பதிவு செய்வோர், அச்சட்டத்தின் உரிமைகளைப் பெறலாம் என்பது அதன் சாரம். தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் பல இந்த வாயிலைப் பயன்படுத்திக்கொண்டு, குடும்பப் பெயர் ஒன்றைச் சூடி, படையிலும் அலுவலகங்களிலும் பணிபெற்றுச் சைகோன் முதலிய இடங்களுக்குச் சென்றன. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, அங்குப் பிறந்தோருள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்புவோர் ஆறு திங்களுக்குள் எழுத்து வடிவில் அறிவிக்க வேண்டும் என்பது விதி. வாய்ச்சொல் செல்லாது. எழுதத் தெரிந்து, தவணை அறிந்து, உரிய காலத்தில் எழுதிக் கொடுத்தவர் வீட்டுப் பேரப்பிள்ளைகள் இன்று பாரிசு மாநகரில் வாழ்கின்றனர். கல்விக் கழகத்தின் விழாவில் இச்செய்தியை நாம் எடுத்துரைக்கும் காரணம் உங்களுக்கு விளங்கும்.

கைநாட்டோடு கடல் கடந்தவர்களைக் கண்டோம். கல்வியோடு கடல் கடந்தவர் இருவரையும் காண்போம். நம் திண்டிவனத்திற்கு அண்மையிலுள்ள மதுராந்தகம் பகுதியில், கோழியாளம் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர் இரட்டைமலை சீனிவாசனார். 1893ஆம் ஆண்டில் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே இதழ் தொடங்கிய துணிவாளர். பின்னர்த் தென்னாப்பிரிக்கா சென்று நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அதே நாட்டில், அதே காலத்தில், நம்மவர் பலர் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தனர் என்பதை நினைவிற் கொள்க. மொழியறிவு அவரை நீதிமன்றத்தில் நிறுத்தியது. தாயகம் திரும்பிச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். அண்ணல் அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டிலும் நம் குரலை ஒலித்தார்.

அண்ணல் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டில் பரோடா மன்னரின் உதவித் தொகை பெற்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அங்கிருந்து இலண்டன். 1917ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார். அவர் தனியே அனுப்பிய நூல் பெட்டிகள் கப்பலோடு கடலில் மூழ்கின. பரோடாவில் பணியேற்கச் சென்றவர்க்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியவரைச் சாதியறிந்து வெளியேற்றினர். இந்நிகழ்ச்சியை அவர் எழுதிவைத்த சிறு நூலுக்கு ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் பொருள்படப் பெயர் அமைந்துள்ளது. சொந்த நாட்டிலேயே விசா கேட்டு நிற்கும் நிலை நம்முடையது என்பதை அத்தலைப்பே சொல்லிவிடுகிறது. ஆயினும் அவர் தளரவில்லை. பணம் சேர்த்தும் கடன் பெற்றும் 1920ஆம் ஆண்டில் மீண்டும் இலண்டன் சென்றார்; 1923ஆம் ஆண்டில் பட்டங்களோடு திரும்பினார். கற்றதை இந்த மண்ணுக்கே உரமாக்கினார்.

இனி, நீங்கள் செய்ய வேண்டிய ஆயத்தங்களுக்கு வருவோம். முப்பதாண்டுக் காலம் அரசுப் பள்ளிகளில் ஆசிரியராயும் தலைமையாசிரியராயும் இருந்து நாம் கண்டறிந்தவற்றையே கூறுகிறோம்.

முதலாவது, பெயரும் பிறந்த நாளும். எந்தப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினாலும் நம் பிள்ளைகளுள் பாதிப்பேர் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிறந்தவர்களாகவே காணப்படுவர். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும். வயது ஐந்து நிரம்ப வேண்டும். பெற்றோர்க்குத் தேதி தெரியாது. ஆசிரியர் ஒரு தேதியை எழுதிவிடுவார். அத்தேதி ஆதார் அட்டையில் ஒன்றாகவும், பிறப்புச் சான்றில் வேறாகவும், மாற்றுச் சான்றிதழில் மற்றொன்றாகவும் நிற்கும். பெயரும் அவ்வாறே. நாம் தலைப்பெழுத்தோடு பெயர் எழுதுகிறோம். கடவுச்சீட்டில் தலைப்பெழுத்து செல்லாது. தந்தை பெயரை முழுமையாக எழுத வேண்டும். ‘முனுசாமி’ என்று ஓரிடத்திலும் ‘முனியசாமி’ என்று மற்றோரிடத்திலும் இருந்தால், மகன் அயல்நாட்டு அலுவலக வாசலில் நின்று விளக்கம் கூறிக்கொண்டிருக்க நேரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகி வந்தபின் திருத்துவது பெரும்பாடு. தாய்மார்களே, ஒன்பதாம் வகுப்பிலேயே எல்லாத் தாள்களையும் ஓரிடத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்; ஐயமிருப்பின் பள்ளிக்கு வாருங்கள்.

இரண்டாவது, பத்தாம் வகுப்பு. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் நடைமுறைப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுள் பெரும்பாலோரின் கடவுச்சீட்டில் ‘ஈ.சி.ஆர்.’ என்னும் குறிப்பு இடம்பெறும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் வழியே அனுமதி பெற வேண்டும். அக்குறிப்புடைய பெண்கள் 30 வயது நிரம்பும் முன் அந்நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அனுமதியில்லை. பத்தாம் வகுப்பில் தேறியோர்க்கு இத்தடை கிடையாது. ஆகவே, பாதியில் படிப்பை விட்டு மரக்காணம் உப்பளத்திற்கோ செங்கற் சூளைக்கோ போகும் பிள்ளையைத் திரும்ப அழைத்து வந்து தேர்வெழுத வைப்பது, அவனுக்கு உலகின் கதவைத் திறப்பதாகும். மற்றொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். அக்குறிப்பு இல்லாதவரின் ஒப்பந்தத்தை அந்த அலுவலகம் சரிபார்ப்பதில்லை. அவர் தம் ஒப்பந்தத்தைத் தாமே படித்துத் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும். படித்தவர்க்குப் பொறுப்பு கூடுதல்.

மூன்றாவது, முகவரும் கடனும். பதிவுபெற்ற முகவர்க்கு நடுவண் அரசு உரிம எண் வழங்குகிறது. அதனை அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். அவர் பெறக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன்மீது 18 விழுக்காடு வரியும் ஆகும். ஆகமொத்தம் 35,400 ரூபாய். நம் ஊர்களில் கேட்கப்படும் தொகையோ இலட்சத்தைத் தாண்டுகிறது. கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு மூன்று வட்டிக்கு 1,20,000 ரூபாய் வாங்கினால் மாத வட்டி 3,600. இரண்டாண்டு ஒப்பந்தம் முடிவதற்குள் வட்டி மட்டும் 86,400. முதல் அப்படியே நிற்கும். கங்காணியின் முன்பணத்திற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இக்கடனுக்கு ஈடாகப் பஞ்சமி நிலம் போவதைக் கேள்வியுறும்போது நெஞ்சு பதைக்கிறது. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891ஆம் ஆண்டில் நம் மக்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892ஆம் ஆண்டு ஆணையால் ஒதுக்கப்பட்டது அந்நிலம். முதற் பத்தாண்டுகளில் விற்கலாகாது. பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்குக் கைமாற்றலாகாது என்பன அதன் நிபந்தனைகள். நிபந்தனையை மீறி எழுதும் பத்திரம் சட்டத்தின் முன் நில்லாது என்றாலும், நிலத்தில் ஏறியவனை இறக்க நீதிமன்றப் படிகளில் ஆண்டுக் கணக்கில் ஏற வேண்டும். திண்டிவனத்திற்கு அருகிலுள்ள ஒரு காலனியில் முக்கால் ஏக்கரை எழுதிக் கொடுத்துப் பயணம் போன இளைஞர் ஒருவர் எட்டுத் திங்களில் வேலையிழந்து திரும்பினார். வந்து நின்றபோது வேலையும் இல்லை, உழுவதற்குச் சொந்த நிலமும் இல்லை. போகிறவர் என்றேனும் திரும்பி வர வேண்டியிருக்கும். வரும்போது கால் வைக்க ஓர் இடம் வேண்டும். ஆகவே, நிலத்தை விற்று விசா வாங்காதீர்.

நான்காவது, வேலையின் தன்மை. சுற்றுலா விசாவில் சென்று வேலை பார்க்கலாம் என்று எவரேனும் கூறினால் அங்கேயே எழுந்துவிடுங்கள். 2022ஆம் ஆண்டில் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியான்மரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்கப்பட்டனர். அவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர். ஒப்பந்தத்தில் சம்பளம், வேலை நேரம், மிகைநேரக் கூலி, தங்குமிடம், திரும்பும் பயணச் செலவு ஆகிய ஐந்தும் எழுத்தில் உள்ளனவா என்று பாருங்கள். தமிழ்நாடு அரசே 1978ஆம் ஆண்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைத் தொடங்கிச் சென்னையில் நடத்தி வருகிறது. முகவரைத் தேடும் முன் அந்த அலுவலகத்திற்குச் சென்று வாருங்கள். கொத்தர், தச்சர், மின்பணியாளர், பற்றவைப்பாளர் எவராயினும், தொழிற்பயிற்சி நிலையச் சான்றிதழ் கையிலிருந்தால் கூலியும் மதிப்பும் உயரும்.

ஐந்தாவது, காப்பீடு. 2024ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் மூண்ட தீயில் இந்தியர் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், தமிழ்நாட்டவர் எழுவர். ஈ.சி.ஆர். குறிப்புடையோர் நடுவண் அரசின் ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீட்டில் கட்டாயம் சேர வேண்டும். இரண்டாண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுகளுக்கு 375 ரூபாய் கட்டினால், விபத்தில் மரணமோ நிலையான ஊனமோ நேரின் 10 இலட்சம் ரூபாய் கிடைக்கும். அத்தாளின் படியும், ஒப்பந்தத்தின் படியும், கடவுச்சீட்டின் படியும் வீட்டுப் பெட்டியில் இருக்க வேண்டும். எந்தப் பெட்டியில் என்பது மனைவிக்கோ தாய்க்கோ தெரிந்திருக்க வேண்டும்.

உயர்கல்விக்குச் செல்ல விரும்பும் மாணவர்க்கும் ஒரு சொல். அட்டவணைச் சாதி மாணவர்க்கென நடுவண் அரசு 1954 - 55ஆம் ஆண்டு முதல் அயல்நாட்டுக் கல்வி உதவித் தொகை வழங்கி வருகிறது. முதுகலை, ஆய்வுப் படிப்புகளுக்கு இது உண்டு. 35 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். தகுதித் தேர்வில் 60 விழுக்காடு வேண்டும். தமிழ்நாடு அரசும் அண்ணல் அம்பேத்கர் பெயரால் ஒரு திட்டம் நடத்துகிறது. இவற்றைப்பற்றிக் கேட்டறியாமையினாலேயே நம் பிள்ளைகள் பலர் வாய்ப்பை இழக்கின்றனர். கல்லூரியில் முதலாண்டு படிக்கும்போதே மதிப்பெண்ணையும் ஆங்கிலத்தையும் குறிவைத்து உழைத்தாலன்றி இறுதியாண்டில் விண்ணப்பம் மட்டும் எழுதிப் பயனில்லை.

சென்ற இடத்தில் வாழும் முறைபற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். கடவுச்சீட்டு உம்மிடமே இருக்க வேண்டும். முதலாளி பறித்து வைப்பது வளைகுடா நாடுகள் பலவற்றில் சட்டப்படியே தவறு. இந்தியத் தூதரகத்தின் முகவரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அந்நாட்டு மொழியில் எண்களையும், கூலி, விடுப்பு, மருத்துவமனை முதலிய சொற்களையும் போகுமுன்பே கற்றுக்கொள்ளுங்கள். சம்பளத்தை வங்கி வழியே அனுப்புங்கள். சாராயத்திற்கும் சூதாட்டத்திற்கும் அயல்நாட்டிலும் வாசல் திறந்தே இருக்கும். அந்தப் பக்கம் திரும்பாதீர்.

அங்கே சாதி இராது என்று எண்ணிச் செல்வோர் ஏமாறுவர். எந்த ஊர், எந்தத் தெரு என்று வினவும் தமிழர் அங்கும் உண்டு. 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றியது; அந்நாட்டு நகரங்களுள் அதுவே முதலாவது. நோய் சென்றிருந்ததனால் அன்றோ மருந்து தேவைப்பட்டது? ஆகவே தனித்து ஒளிந்து வாழாதீர். நம் மக்களைத் தேடிக் கூடுங்கள். பிற இனத்தாரோடும் பழகுங்கள். பிறப்பை மறைத்து அஞ்சி வாழ்பவன் எந்த நாட்டில் இருந்தாலும் பழைய சேரியிலேயே இருக்கிறான்.

இறுதியாக, போகிறவர்க்கும் இருப்பவர்க்கும் உள்ள உறவு. படித்தவரும் வலியவரும் எல்லாரும் போய்விட்டால் இங்குள்ள போராட்டத்தை யார் நடத்துவது என்று முதியோர் சிலர் கவலைப்படுகின்றனர். அக்கவலையில் நியாயம் இருக்கிறது. எனினும், பட்டினியாயும் கடனாளியாயும் இங்கேயே இருப்பவனால் போராட்டம் வலுப்பெறாது. போகிறவர் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவையாவது ஏற்றுக்கொண்டு போகட்டும். இருப்பவர் அவர் வீட்டு முதியோரையும் நிலத்தையும் காக்கட்டும். இதற்கெனக் கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். திங்கள்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை, கழக நூலகத்தில் ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் போட்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் அமர்த்துங்கள். அயல்நாடு போகும் எவரும் ஒப்பந்தத்தையும் சான்றிதழ்களையும் கொண்டுவந்து படித்துக் கேட்கட்டும். போனவர் பெயரும், சென்ற நாடும், முகவரின் உரிம எண்ணும் ஒரு பதிவேட்டில் ஏறட்டும். அந்த மேசையில் ஒரு நாற்காலியை நாம் ஏற்கிறோம். பணி ஓய்வுக்குக் காத்திராமல் வரும் திங்கள் முதற்கொண்டே வருகிறோம்.

நம் பாட்டன்மார் படிக்காமல் கைநாட்டு வைத்த ஒப்பந்தத்தின் விலையை மூன்று தலைமுறைகள் கொடுத்தன. இளைஞர்களே, நீங்கள் கையொப்பம் இடத் தெரிந்தவர்கள். இடும் முன் படியுங்கள். படித்து விளங்காவிடில் எங்களிடம் வாருங்கள். நலமே சென்று நலமே திரும்புங்கள்.